மலையிறங்கிய மேசை

தை மாதம், மிளகு பறிப்பு பாதி முடிந்த நேரம், எங்கள் கெல்லர் குடும்பத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுக் கூடுகைக்கு இன்னும் ஆறே நாள் இருந்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பெரிய வீட்டுப் பக்கம் வந்த நான், சுண்ணாம்பு வாடை போகட்டும் என்று திறந்து போட்டிருந்த வாசல் வழியாக எங்கள் சாப்பாட்டு மேசை ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டு வெயில் காய்வதைப் பார்த்தேன். யாரோ இழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று முதலில் எரிச்சல்பட்டேன். உள்ளே போய்ப் பார்த்தால் மேசையின் மறுமுனை எப்போதும் போலச் சுவரோடு ஒட்டித்தான் நின்றது. ஐம்பதடி மேசை சாயங்காலத்துக்குள் அறுபதடியைத் தொட்டது.

நான் எர்வின் கெல்லர். கல்லூற்று மலையில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன், கெல்லர் கூடுகையின் செயலாளர். முப்பது வருடமாகக் கூடுகை அறிக்கைகளை எழுதி வருகிறேன். அவற்றில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை என்பதால் இதையாவது ஒழுங்காக எழுதவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் மூதாதை யோஹான் கெல்லர் ஜெர்மன் தேசத்துத் தச்சர். மலைமேல் கட்டிய சின்னத் தேவாலயத்துக்குக் கூரை போடக் கப்பலேறி வந்தார், எட்டு மாதத்தில் கூரையைப் போட்டு முடித்தார், ஆனால் திரும்பிப் போகவில்லை. அடுத்த கப்பலில் அவருடைய மனைவி மார்கரெட்டா வந்து சேர்ந்தாள், காப்பி நட்டார்கள், பிள்ளை பெற்றார்கள், பிள்ளைகள் இங்கேயே பெண்ணெடுத்துப் பெண் கொடுத்து, ஆறு தலைமுறை கழிந்த பிறகு எங்களிடம் ஜெர்மனி என்று மிஞ்சியது குடும்பப் பெயர் ஒன்று, சாப்பாட்டுக்கு முன்னால் சொல்கிற அர்த்தம் தெரியாத ஜெபம் ஒன்று, ஜாடியில் புளிக்கவைத்துப் பச்சை மிளகாய் போட்டுத் தாளிக்கிற முட்டைக்கோஸ், ரோசலின் அத்தையின் பூனைக் கண். நானோ அடுப்புக்கரி நிறம். டவுன் பஸ்ஸில் ஏறினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் பக்கத்து சீட்டுக்காரர் “இது என்ன சார் பேரு?” என்று கேட்கும் வரை என் பெயரை ஏதாவது ஒரு சாக்கில் சொல்லிக்கொண்டே வருவேன். கேட்டுவிட்டால் இறங்கும் இடம் வரை அவருக்கு விடுதலை கிடையாது.

அந்த மேசையை யோஹான் தாத்தா ஒற்றைப் பலா மரத்தில் பன்னிரண்டு பேர் உட்காரச் செய்தார், பின்னால் வந்தவர்கள் ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டுக் கூடத்தின் நீளத்துக்கு இழுத்துவிட்டார்கள். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று மத்தியானம் தகப்பன் தன் கையால் உளி பிடித்து மேசை விளிம்பில் அதன் பெயரைச் செதுக்கவேண்டும். கூடுகையில் அவரவர் பெயருக்கு நேரேதான் அவரவர் உட்காரவேண்டும், இறந்தவர் இடத்தில் தட்டைக் கவிழ்த்து வைப்போம். விளிம்பில் பெயர் இல்லாதவர் எவ்வளவு பெரிய மனிதரானாலும் வராந்தாவில்தான் சாப்பாடு, ஒரு தடவை வந்த பிஷப்பே வராந்தாவில்தான் சாப்பிட்டுக் கைகழுவினார். மேசையில் இருந்தால் கெல்லர், இல்லாவிட்டால் இல்லை. எங்கள் வீட்டுச் சட்டம் அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மேசை முற்றத்தைக் கடந்து சுற்றுச்சுவரை அடைந்தது. பஸ்ஸில் ஒருவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பது போலச் சுவர் விலகிக் கொடுத்தது, ஒரு கல்கூட உதிரவில்லை. கூடுகைத் தலைவரான தியோடர் அண்ணன், என் பெரியப்பா மகன், கூட்டத்தைக் கூட்டினார். முத்தையா ஆசாரியைக் கூப்பிட்டு வாசலோடு அறுத்துவிடுவது என்று தீர்மானம் ஆயிற்று. ஆசாரி அறுத்தார், நேற்று வெட்டிய மரம் போல உள்ளே மஞ்சளாக ஈரம் இருந்தது, அறுத்த துண்டை டீக்கடைக்காரர் பெஞ்சுக்கு வாங்கிப் போனார், மறுநாள் விடிந்தபோது அறுத்த இடத்திலிருந்து இரண்டு மடங்கு வளர்ந்து மேசை ரோட்டைக் கடந்திருந்தது. “மேசை நீண்டது, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது” என்று அறிக்கைப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஊர் எங்களைப் போல அலட்டிக்கொள்ளவில்லை. காலை பஸ் வந்து நின்று இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தது, பிறகு ஆட்கள் மேசைக்கு அடியில் குனிந்து அந்தப் பக்கம் போய் இன்னொரு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்கள், மறுநாளே அதற்கு மேசை ஸ்டாப் என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பெண்கள் பாய் விரிக்கிற வேலை மிச்சம் என்று மிளகை அதன்மேல் காயப்போட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக நின்று வீட்டுப்பாடம் எழுதினார்கள். கிராம நிர்வாக அலுவலர் வந்து இது எந்த சர்வே எண்ணில் வருகிறது என்று அரைநாள் தலையைச் சொறிந்தார், வனத்துறைக்காரர் வந்து, வளர்கிறது என்றால் மரம், பலா மரம் என்றால் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும், தானாகப் போகிற மரத்துக்கு யார் பெயரில் சீட்டு எழுதுவது என்று எங்களையே கேட்டார். புதன்கிழமை மத்தியானம் ஒரு வீட்டுக்காரர் சோற்றுத் தட்டை எடுத்து வந்து தன் வாசலுக்கு நேரே மேசையில் வைத்துச் சாப்பிட்டார், எதிர்வீட்டுக்காரர் தன் குழம்பைக் கொண்டுவந்தார், பொழுது சாய்வதற்குள் வழி நெடுக ஊரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. தியோடர் அண்ணன் ‘தனியார் சொத்து’ என்று ஒரு பலகை எழுதி மாட்டச் சொன்னார். பிள்ளைகள் அதில் புத்தகப் பையை மாட்டிக்கொண்டார்கள்.

எனக்கும் இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, புதன் சாயங்காலம் மேசை முச்சந்திக்கு வரும் வரை. அங்கே வலது பக்கம் திரும்பினால் கடைத்தெருவும் தேவாலயமும், இடது பக்கம் இறங்கினால் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள். மேசை தேவாலயத்துக்குத்தான் போகிறது, யோஹான் தாத்தா போட்ட கூரையைப் பார்க்கப் போகிறது என்று தியோடர் அண்ணன் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இடது பக்கம் திரும்பிச் சரிவில் இறங்கியது. அது எந்த வீட்டுக்குப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான், லியோனார்ட். வீட்டில் யாரிடமும் கேட்காமல் காப்பி பறிக்க வந்த பவளாயியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு லைன் வீட்டுக்கே குடிபோனான். பெண் குழந்தை பிறந்தது, ஞானஸ்நானம் ஆயிற்று, அன்று மத்தியானம் அப்பா தூங்குகிற நேரம் பார்த்து லியோனார்ட் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு பெரிய வீட்டுக்கு வந்து, முதல் பாட்டியின் பெயரையே வைத்து, மார்கரெட் கெல்லர் என்று மேசை விளிம்பில் செதுக்கிவிட்டுப் போனான். அப்பா பார்த்தார், பல்லைக் கடித்துக்கொண்டார், பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கும்போது அதில் கைவைக்க அவருக்கும் மனசு வரவில்லை. மூன்றாம் வருடம் மழைக்காலத்தில் எஸ்டேட் ஜீப் உருண்டு லியோனார்ட் செத்துப்போனான். அடுத்து வந்த கூடுகையன்று காலையில் அப்பா என்னிடம் மரம் சீவும் இழைப்புளியைக் கொடுத்தார், நான் குழந்தையின் பெயரை இழைத்து எடுத்தேன். எனக்கு அப்போது இருபத்தொரு வயது, அறியாப் பிள்ளை ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை, அதுதான் உண்மை. அழகாக, மேடு பள்ளம் தெரியாமல், யோஹான் தாத்தாவே மெச்சுகிற மாதிரி இழைத்தேன். உதிர்ந்த சீவலை அள்ளிச் சமையல்கட்டு அடுப்பில் போட்டேன், அந்தத் தீயில் காப்பி போட்டு எல்லோரும் குடித்தோம்.

மத்தியானம் பவளாயி வந்தாள். கணவன் செத்து நாலு மாதம், குழந்தைக்கு வெள்ளைக் கவுன் போட்டு, தலை நிறைய எண்ணெய் வைத்துச் சீவிக் கூட்டி வந்திருந்தாள். எழுபது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில் குழந்தை நேராக, அப்பன் காட்டி வைத்திருந்த தன் இடத்துக்குப் போய் விளிம்பைத் தடவித் தடவிப் பார்த்தது. பவளாயி என்னைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியவன் நான் ஒருவன்தான். “இங்க அப்படி ஒரு பேர் இல்லையேம்மா,” என்றேன். அவள் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். இதை எழுதும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

பவளாயி செத்துப் பத்து வருடம் ஆகிறது. மார்கரெட் லைன் வீடுகளுக்கு நடுவே உள்ள அங்கன்வாடியில் டீச்சராக இருக்கிறாள். நான் ஓய்வு பெறும் வரை அவள் எத்தனையோ தடவை போஸ்டாபீசுக்கு வந்திருக்கிறாள், கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், “ஸ்டாம்ப் குடுங்க சார்” என்பாள், கொடுப்பேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

வியாழக்கிழமை மேசை அவள் வாசற்படியில் போய் நின்றது, அதற்குப் பிறகு ஒரு விரற்கடைகூட வளரவில்லை. தியோடர் அண்ணன் வேர் தண்ணீர் தேடிப் போவது போல என்று ஏதோ விளக்கம் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜெர்மனியிலிருந்து ஆன்னெலீஸ் அம்மாள் வந்து இறங்கினார், யோஹான் தாத்தாவின் தம்பி வழியில் வந்தவர், நான் எழுதி அனுப்பிய வம்சப் பட்டியலைத் துணியில் அச்சடித்துச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அதில் லியோனார்ட் பெயருக்குக் கீழே ‘சந்ததி இல்லை’ என்று இருந்தது, நான் எழுதியதுதான். இந்த மேசையின் அந்த முனையில் யார் குடியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார், அவரோடு வந்த பெண் தமிழில் சொன்னாள். “யாரோ அங்கன்வாடி டீச்சர்,” என்றேன். ஐம்பது வருடம் கழித்தும், தலை நரைத்தும், வாய் அதே வழியில்தான் போயிற்று.

சொல்லிவிட்டு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உளியையும் சுத்தியலையும் பையில் போட்டுக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல் காப்பித் தோட்டத்துக் குறுக்குவழியில் இறங்கினேன். என் யோசனை எனக்கு அப்போது நல்ல யோசனையாகத்தான் பட்டது: பெயரை அவள் வாசலிலேயே செதுக்கிவிட்டால் மேசைக்கும் நிம்மதி, அவளுக்கும் நியாயம், மேலே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியவேண்டியதில்லை.

மேசை முனையில் மார்கரெட் ஒரு ரெக்சின் துணி விரித்திருந்தாள், அங்கன்வாடிக் குழந்தைகள் இரண்டு நாளாக அதில்தான் முட்டைச் சோறு சாப்பிடுகின்றனவாம், பருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி மறைக்காத விளிம்பில், ஒரு கையளவு நீளத்துக்கு, மரம் இலேசாகக் குழிந்திருந்தது. அந்தக் குழிவை நான் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்லுவேன், கூடத்தில் நான் இழைப்புளியால் போட்ட குழிவு அது, மேசையோடு இங்கே இறங்கி வந்திருந்தது. பையிலிருந்து உளியை எடுத்தேன். அவள் உளியையும் பார்த்தாள், நான் வந்த குறுக்குவழியையும் பார்த்தாள்.

“இங்க செதுக்குனா யாருக்குத் தெரியும் சார்?” என்றாள்.

உளியைப் பிடித்தபடி அந்தக் குழிவையே பார்த்தேன்.

“எனக்கு மூணு வயசு. மத்தது எல்லாம் மறந்துபோச்சு. தடவுன இடம் மட்டும் வழுவழுன்னு இன்னும் கையில இருக்கு. எங்கம்மா சாகுற வரைக்கும் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், அத்தனை பேருக்கு முன்னாடி எம்புள்ளைய பொய்யாக்கிட்டாங்கன்னு. என் பேரு எனக்குத் தெரியும், நீங்க செதுக்கித் தர வேணாம். அத்தனை பேருக்கு முன்னாடி சொன்னதை அத்தனை பேருக்கு முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க. முடியலன்னா உளிய எடுத்துட்டுப் போங்க.”

உளியை எடுத்துக்கொண்டு போனேன். ஏறும்போது மேசை ஓரமாகவே ஏறினேன், வழியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், “வாங்க போஸ்ட் மாஸ்டரய்யா, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க” என்றார்கள். என் வீட்டு மேசையில் ஊரார் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள், எனக்கு உட்காரத் தைரியம் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் கூடம் நிறைந்திருந்தது. சென்னை, பெங்களூர், கனடா என்று எங்கிருந்தெல்லாமோ வந்த கெல்லர்கள் தங்கள் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, அதோடு போட்டோ எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். தியோடர் அண்ணன் அர்த்தம் தெரியாத ஜெபத்தைச் சொல்லி முடித்தார், வழக்கம் போல ரோசலின் அத்தை அழுதாள், முட்டைக்கோஸ் ஜாடி நகரத் தொடங்கியது. செயலாளர் அறிக்கை வாசிக்கவேண்டிய நேரம். நான் எழுந்தேன், கையில் அறிக்கை இருந்தது, அதை மேசையில் வைத்தேன்.

“அம்பது வருஷத்துக்கு முன்னாடி இதே எடத்துல நின்னு, அப்படி ஒரு பேர் இல்லைன்னு பவளாயிகிட்ட சொன்னேன்,” என்றேன். “பேர் இருந்துச்சு. மார்கரெட் கெல்லர், லியோனார்ட் அண்ணனோட மக. அன்னைக்குக் காலையில நான்தான் இழைச்சு எடுத்தேன். மேசை அவ வீட்டுக்குத்தான் போயிருக்கு.”

சத்தம் எழும் என்று நினைத்தேன். வயதானவர்கள் எல்லோரும் தங்கள் தட்டைப் பார்த்தார்கள், அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அத்தனை பேருக்கும் தெரியும், ஐம்பது வருடமும் தெரியும், அன்றைக்கு அந்தக் குழந்தை விளிம்பைத் தடவியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். “இன்னைக்குப் போய் இதெல்லாம் எதுக்கு, எர்வின்?” என்று தியோடர் அண்ணன் மெல்லச் சொன்னார். அன்று நான் இழைக்கும்போது மேசை ஆடாமல் பிடித்துக்கொண்டவர் அவர்தான். அதை நான் அங்கே சொல்லவில்லை. அவரே தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்னெலீஸ் அம்மாள் கூட வந்த பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, துணியை விரித்து, ஒரு பேனா வேண்டும் என்று சைகை காட்டினார்.

நான் அலமாரியிலிருந்து அப்பாவின் இழைப்புளியை எடுத்துவந்தேன். எர்வின் கெல்லர் என்று அப்பா தன் கையால் செதுக்கிய இடத்தில் வைத்துத் தள்ளினேன். இந்தத் தடவை மரம் மேடும் பள்ளமுமாகத்தான் வந்தது. யாரும் தடுக்கவில்லை. விழுந்த சீவலை ஒன்று விடாமல் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வெளியே வந்தேன்.

மேசை அதன் பிறகு சுருங்கிவிடும் என்று நீங்கள் நினைத்தால், இல்லை. இன்றைக்கும் அது பெரிய வீட்டிலிருந்து லைன் வீடுகள் வரை கிடக்கிறது, இன்றைக்கும் ஆட்கள் குனிந்து போய்த்தான் பஸ் மாறுகிறார்கள், வனத்துறைக்காரர் இன்னும் சீட்டு எழுதவில்லை.

அன்று நான் நடுரோட்டில், மேசை ஓரமாக, எல்லோரும் பார்க்க இறங்கினேன். கூடத்தில் நான் சொன்னது எனக்கு முன்னால் இறங்கிப் போயிருந்தது, வழியில் யாரும் என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை, சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மார்கரெட் வாசலில் நின்றிருந்தாள். கைக்குட்டையை மேசைமேல் வைத்தேன். அவள் முடிச்சை அவிழ்த்து, ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், அதில் பாதி எழுத்து ஒன்று சுருண்டிருந்தது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சீவலை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டது. பலா மரம் எரிகிற வாசனை வந்தது, ஐம்பது வருடத்துக்கு முன்னால் எங்கள் சமையல்கட்டில் வந்த அதே வாசனை.

அவள் ஒரு டம்ளர் காப்பியோடு வந்து, விளிம்பில் அந்தக் குழிவுக்கு நேரே அதை வைத்தாள்.

“அன்னைக்கு என் பேரை எரிச்சுத்தான் காப்பி போட்டீங்களாம். உங்க சமையல்கட்டுல இருந்த அக்கா அம்மாகிட்ட சொல்லியிருக்காங்க,” என்றாள். பிறகு ஒரு முக்காலியை என் பக்கம் தள்ளினாள். “உக்காருங்க சித்தப்பா. குடிங்க.”

கூடப்பிறந்தவன் பிள்ளையாய் அந்த முறை சொல்லி என்னை யாரும் கூப்பிட்டதில்லை, கூப்பிடவேண்டிய ஒருத்தியைத்தான் நான் இல்லை என்று சொல்லியிருந்தேன். உட்கார்ந்தேன். டம்ளரை எடுத்தபோது கொஞ்சம் சிந்தியது, அவள் துடைக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை நான் குடித்து முடிக்கும் வரைக்கும் எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.